அட்டை போட்டவங்க

குடுக்காதிய அக்கா, வாங்க மாட்டா. நீங்க மனசுல ஒண்ணும் நெனச்சிக்கிடாதிய. ஆசையா நீட்டுறிய, வேண்டாம்னு சொன்னா முகம் வாடிப்போவும், எனக்குத் தெரியும். பழத்தை அவ மடியில வச்சிருங்க. பொறவு பாப்போம்.

பாத்தியளா, கையை ரெண்டையும் மடக்கி உள்ள வச்சிக்கிட்டா. அது அப்பிடித்தான். எம் மக. இசக்கிப்ரியான்னு பேரு. பன்னெண்டு முடிஞ்சிட்டு, பாத்தா எட்டு வயசுப் பிள்ளை மாதிரிதான் இருப்பா. பொறக்கும்போதே மூச்சுமுட்டிப் பொறந்தவ. ஒரு பக்கம் கையி காலு இழுத்துக்கிடும். பேச்சும் நாலஞ்சு வார்த்தைதான். ஒண்ணும் வெளங்காது அக்கா அதுக்கு. பச்சப்பிள்ளை மாதிரி.

நீங்க எந்த ஆபீஸு? இல்ல, கழுத்துல அட்டை கிடக்கே, அதான் கேட்டேன். துணிக்கடையா? தூத்துக்குடியிலயா? பில்லு போடுற சோலியா? அப்பாடி. ஏறுன உடனே உங்க கழுத்தைத்தான் பாத்தேன். வேற சீட்டு இருக்கான்னு கூடப் பாத்தேன். கோவில்பட்டி பஸ்ஸுல இந்நேரத்துக்கு ஏது சீட்டு.

தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுக்கு அட்டை போட்ட ஆளுவ வந்து வந்து, இப்பம் அட்டையப் பாத்தாலே ஒதுங்கிப் போவத் தோணுது.

ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல சீக்கு. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, டிபி. பயப்படாதிய, மாத்திரை திங்காரு, இனி ஒட்டாதுன்னு சொல்லிட்டாவ. அதுக்கு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில இருந்து ஒரு தம்பி பைக்குல வருவாரு, மாத்திரை ஒழுங்காத் திங்காரான்னு பாக்க. சீக்கு வந்து அவரு மூட்டை தூக்கப் போக முடியலையா, அதுக்கு ஒரு ட்ரஸ்ட்டுல இருந்து ஒரு அம்மா வருவாவ, அரிசியும் பருப்பும் கொண்டுக்கிட்டு. இவளுக்கு ரெண்டு பேரு. உதவிப்பணம் குடுக்க ஆபீஸுல இருந்து ஒரு சாரு. எழுத்து, பேச்சு, கையசைவு எல்லாம் சொல்லிக்குடுக்க சுடர்மதி டீச்சர். ஆக நாலு பேரு. நாலு பேரும் நாலு கெழமையில வருவாவ. ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் பாத்தது கிடையாது.

வந்தா சும்மா வருவாவளா. "அம்மா, மொதல்ல இருந்து சொல்லுங்க"ம்பாவ. எப்பம் கல்யாணம், பிள்ளை எப்பம் பொறந்தா, தண்ணி போடுவாரா, அடிப்பாரா, எல்லாம் மொதல்ல இருந்து. இன்னைக்கு ஒருத்தர்ட்ட சொல்லி அழுது முடிச்சா, அடுத்த நாளு இன்னொருத்தர்ட்ட அதே அழுகை. சமயத்துல அழுகை வராது அக்கா. வரலன்னா நம்ப மாட்டாவளோன்னு முந்தானையை வச்சு மூக்கை உறிஞ்சிக்கிடுவேன். சிரிக்கியளா? சிரிங்க. எனக்கே சிரிப்புத்தான் வரும் அப்பம்.

பொறவு எனக்கு ஒரு விசயம் பிடிபட்டுப் போச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு கேக்கணும். டிபி தம்பிக்கு, வீட்டுக்காரரு தேறிட்டாருன்னு கேட்டாத்தான் முகம் மலரும். நடக்காரு, நல்லாச் சாப்பிடுதாருன்னு சொல்லணும். ட்ரஸ்ட் அம்மாட்ட அதையே சொன்னா, பொறவு அரிசி எதுக்குன்னு கேட்டுருவாவ. அங்க, எந்திரிக்கவே மாட்டேங்காரு, படுத்த படுக்கைன்னு சொல்லணும். அவரும் பாவம், பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசல்ல நடப்பாரு, ஆட்டோ சத்தம் கேட்டா பாயில போய் விழுந்துருவாரு. ஒரு நாளு தண்ணி லாரி சத்தத்துக்கும் போய்ப் படுத்துட்டாரு மனுசன். நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு சந்தனமாரி எட்டிப் பாத்துட்டா.

இவ விசயமும் அதே கதைதான். உதவிப்பணத்துல ரெண்டு தினுசு இருக்காம். சும்மா முடியாத பிள்ளைக்கு ஒண்ணு. ஒரு ஆளு கூடவே உக்காந்து சோறூட்டி, கழுவிவிட்டுப் பாக்கணும்கிற பிள்ளைக்கு மேல்கொண்டு ஒண்ணு. அந்த ரெண்டாவது வரப்போயிதான் நான் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகாம வீட்டுல இருக்கேன். அதனால சாரு வந்தா, இவ கையத் தூக்கப்பிடாது. ஆனா டீச்சர் இருக்காவளே, அவிய ஒரு பகல் பள்ளிக்கூடத்துல இவளைச் சேக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ. வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போவுமாம், சாயந்திரம் கொண்டு வந்து விடுமாம். அதுக்கு இவளாச் சாப்பிடணும், ஒண்ணுக்கு ரெண்டுக்கு வந்தா சொல்லத் தெரியணும். அதனால டீச்சர் வந்தா, இவ டம்ளரைத் தூக்கித் தண்ணி குடிக்கணும்.

எனக்கு ரெண்டும் வேணும் அக்கா. பணமும் வேணும், பள்ளிக்கூடமும் வேணும். எந்தத் தாய்க்குத்தான் வேண்டாம்? நீங்களே சொல்லுங்க.

சொல்லிக்குடுத்தேன்னு நெனைக்காதிய. ஒண்ணும் வெளங்காத பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்க. சாரு கேள்வி கேக்கும்போது இவ தொடையில லேசா ஒரு அமுக்கு அமுக்குவேன், அவ்வளவுதான். கிள்ளல, அடிக்கல, சும்மா அமுக்குனேன். கையை உள்ள வச்சிக்கிடுவா. டீச்சர்னா அமுக்க மாட்டேன், தலையத் தடவி விடுவேன். போவப் போவ அமுக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. சாரு அட்டையில நீலக் கயிறு. டீச்சர் அட்டையில சிவப்புக் கயிறு. வாசல்ல நீலக் கயிறு தெரிஞ்சாலே கையி மடிக்குப் போயிரும், வாயி கோணிக்கிடும், எச்சி வடியும். சிவப்பைப் பாத்தா முதுகை நிமித்தி உக்காந்து ஈன்னு சிரிப்பா. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நல்ல வேளை, தன்னால அமைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

உங்க கயிறும் நீலம்தான். ஆமா. அதைத்தான் பாக்கா.

இப்பிடி ஒரு சலம்பல் இல்லாமப் போய்க்கிட்டு இருந்துச்சு. நடுவுல வந்து சேந்தாவ ஹெப்சிபா மேடம்.

புதுசா ஒரு வேலை போட்டிருக்காவளாம் அவியளுக்கு. எங்கள மாதிரி ஒரே வீட்டுக்கு நாலு இடத்துல இருந்து ஆளு போனா, அந்த நாலு பேரையும் ஒண்ணாச் சேக்குத வேலை. இது ஒரு வேலையான்னு நெனச்சேன். கழுத்துல அட்டையும் கிடையாது, கையில ஒரு துணிப்பை. அதனால நானும் பெருசா மதிக்கல. ஆனா தன்மையாப் பேசுவாவ. "முப்பிடாதி, ஒரே கதையை நாலு தடவை சொல்லிச் சொல்லி உங்களுக்குச் சலிச்சுப் போவாதா? எல்லாரையும் ஒரு நாள் ஒண்ணா உக்கார வைப்போம். நீங்க ஒரு தடவை சொன்னாப் போதும்"னாவ.

"வேண்டாம் மேடம், எனக்குச் சலிப்பெல்லாம் இல்ல, எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்"னேன். அவிய சிரிச்சிக்கிட்டே, "உங்க நல்லதுக்குத்தானம்மா, வியாழக்கிழமை எல்லாரும் வாறோம்"னுட்டுப் போயிட்டாவ. அவிய நல்லது நல்லதுன்னு சொல்லித்தான் என் மானம் போச்சு.

இந்தச் சந்தனமாரி சும்மா இருந்தாளா. "ஏ முப்பிடாதி, நாலு ஆபீஸும் ஒரே நாள்ல வருதுன்னா சும்மாவா? உனக்கு வீடு குடுக்கப் போறாவட்டி"ன்னு காம்பவுண்டு பூராச் சொல்லிட்டா. எங்களுது வரிசை வீடு அக்கா, எட்டு வீட்டுக்கு ஒரு முத்தம், ஒரு கொழாய். வியாழக்கிழமை காலையில ஆளாளுக்கு நாற்காலி கொண்டுவந்து முத்தத்துல போட்டுட்டாளுவ. எங்க வீட்டுக்குள்ள நாலு பேரு நின்னாலே மூச்சுமுட்டும், அதனால முத்தத்துலதான் கூட்டம். எட்டு வீட்டுப் பொம்பளையளும் அரிசி பொடைக்க, கீரை ஆயன்னு அங்கங்க திண்டுல உக்காந்துட்டாளுவ. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆசை, வீடு குடுத்தாலும் குடுப்பாவளோன்னு. டீக்கடையில சொல்லி வடைகூட வாங்கி வச்சிருந்தேன்.

அன்னைக்கு வெள்ளன எங்க வீட்டுக்காரரு என்ட்ட வந்து நிக்காரு. "ஏட்டி, இன்னைக்கு நான் படுத்துக்கிடணுமா, நடக்கணுமா?"ங்காரு. "சாஞ்ச வாக்குல உக்காருங்க"ன்னேன். மனுசன் பாதி படுத்தும் பாதி உக்காந்துமாக் கிடந்தாரு பாருங்க, கோட்டிக்காரன் மாதிரி. அவரு வாயத் தொறந்து கேட்டாரு. இவ கேக்கல. கேக்க வாயி இல்ல. அது எனக்கு அப்பம் தோணவே இல்ல.

வந்தாவ. நாலு பேரும் வந்தாவ. ஹெப்சி மேடம் நடுவுல உக்காந்துக்கிட்டாவ. "இந்த வீட்டுக்கு நாம எல்லாரும் வாறோம், ஆனா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடுறது இல்ல. இன்னைக்கு அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவோம்"னாவ.

டிபி தம்பி மொதல்ல ஆரம்பிச்சாரு. "அண்ணன் ரொம்ப நல்லாத் தேறிட்டாரு மேடம். டெய்லி கடைத்தெரு வரைக்கும் நடக்காராம்."

ட்ரஸ்ட் அம்மா வடையைக் கடிச்சவிய கடிச்ச மாதிரியே நிக்காவ. "யாரு? இவரா? இவரு ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க மாட்டாருன்னுல்ல என்ட்ட சொன்னாவ? முப்பிடாதி, நீதானம்மா சொன்ன?"

கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தவளுவ கையி நின்னு போச்சு. "நல்ல நாடகம்லா நடந்திருக்கு"ன்னு ஒருத்தி பின்னால சிரிக்கா. அந்தக் கிழக்கு வீட்டுக்காரிதான், அவ சிரிப்பு எனக்குத் தெரியாதா. எங்க வீட்டுக்காரரு முகத்துல ஈயாடல. மெதுவா எந்திரிச்சு நின்னாரு. நின்னுட்டு, இனி என்ன செய்யன்னு தெரியாம, திரும்ப உக்காந்தாரு. பூமி பொளந்தா உள்ள போயிரலாம்போல இருந்துச்சு அக்கா எனக்கு.

இதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். எங்க முடியும். டீச்சர் பேச ஆரம்பிச்சிட்டாவ. அவியளுக்கு இவ மேல உசுரு. "பிரியா எவ்வளவோ மாறிட்டா சார். தண்ணி குடிக்கா, பிஸ்கட் எடுத்துத் திங்கா, சட்டைப் பட்டனை ஒத்தக் கையில போடுதா"ன்னு அடுக்கிக்கிட்டே போறாவ. நான் கண்ணைக் காட்டுதேன், கையைக் காட்டுதேன், அவியளுக்கு எங்க தெரியுது. சாரு என்னத் திரும்பிப் பாத்தாரு. கோவமாப் பாக்கல. அதுதான் என்னால தாங்க முடியல. "ஏம்மா, கையே தூக்க மாட்டா, வாய்க்குள்ள வச்சாலும் முழுங்க மாட்டான்னுதான என்ட்ட சொன்னிய?"ன்னாரு.

எட்டு வீட்டுக் கண்ணும் என் மேல. "எது உண்மைன்னு சொல்லுங்கம்மா, ஒண்ணும் பயப்படாண்டாம்"ங்காவ ஹெப்சி மேடம். எது உண்மை? எனக்கே மறந்து போச்சு அக்கா. சத்தியமாச் சொல்லுதேன், பிள்ளை என்ன செய்வா, என்ன செய்ய மாட்டான்னு எனக்கே அந்த நிமிசம் தெரியல.

டீச்சருக்குப் பொறுக்கல. எங்க பொய்க்காரியாப் போயிருவோமோன்னு அவியளுக்கு. ஒரு வடையை எடுத்து இவ முன்னால நீட்டுனாவ. "பிரியாக் குட்டி, வாங்கிச் சாப்பிடு பாப்போம்."

நீலக் கயிறும் சிவப்புக் கயிறும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கு. இப்பம் புரியுதா உங்களுக்கு?

கையை நீட்டுனா. வடையை வாங்கிட்டா. வாய்க்கிட்ட கொண்டு போகும்போது சாரு நாற்காலியை முன்னால இழுத்தாரு. நீலக் கயிறு ஆடிச்சு. கையி அப்பிடியே மடியில விழுந்துட்டு, வடை தரையில. வாயி கோணி எச்சி வடியுது. டீச்சர் "ஏன்டா செல்லம், எடு எடு"ங்காவ. குனிஞ்சு எடுக்கா. எடுத்துக்கிட்டு நிமிந்து உக்காந்து ஈன்னு சிரிக்கா. சாரைப் பாக்கா. திரும்பப் போட்டுட்டா. எடுக்கா, போடுதா. எடுக்கா, போடுதா. வடை மண்ணாப் போச்சு. வேர்த்து ஊத்துது பிள்ளைக்கு, மூச்சு வாங்குது. பின்னால சிரிச்சவகூட சிரிப்பை நிறுத்திட்டா.

பொறவு என்னத் திரும்பிப் பாத்தா அக்கா.

அந்தப் பார்வையை நான் எப்பிடிச் சொல்ல. அழல. கோவப்படல. எங்க வீட்டுக்காரரு காலையில கேட்டாருல்லா, படுக்கணுமா நடக்கணுமான்னு, அதே கேள்விதான். எம்மா, இன்னைக்கு நான் எந்தப் பிள்ளைன்னு கேக்கா. ஒண்ணும் வெளங்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அந்தப் பிள்ளை. எட்டு வீட்டுக்கு முன்னால, நாலு ஆபீஸுக்கு முன்னால என்ட்ட கேக்கா. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன்.

டீச்சர் முந்தானையால முகத்தப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுக் கொழாயடிக்குப் போயிட்டாவ. சாரு தன் அட்டையைக் கழட்டிப் பைக்குள்ள போட்டாரு.

ஒருத்தரும் ஏசல அக்கா. ஏசியிருக்கலாம். நாலு ஏச்சு வாங்கியிருந்தா பதிலுக்கு நானும் நாலு கத்தியிருப்பேன், தீந்து போயிருக்கும். ஹெப்சி மேடம் என்னமோ பெருந்தன்மையா, "தப்பு உங்க மேல மட்டும் இல்ல முப்பிடாதி. எங்க பக்கம் நாலு பேரும் நாலு மாதிரி கேட்டோம், நீங்க நாலு மாதிரி சொன்னிய"ன்னாவ. அவிய தப்பை அவிய எடுத்துக்கிட்டுப் போகட்டும். என் மானத்தை யாரு திருப்பித் தருவா? அதுக்கப்புறம் கொழாயடிக்கு ஆளு எந்திரிக்க முன்னாலயே போய்த் தண்ணி பிடிச்சிட்டு வந்துருதேன். சந்தனமாரி நல்லாத்தான் பேசுதா, நாற்காலியைத் திருப்பிக் குடுக்கும்போது என்னால அவ முகத்தப் பாக்க முடியல.

இப்பம் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறோம். டாக்டர்மாரு எல்லாரும் சேந்து உக்காந்து இவளைப் புதுசாப் பாத்து, என்ன முடியும் என்ன முடியாதுன்னு எழுதிக் குடுப்பாவளாம். டீச்சர் அங்க வந்து நிக்காவ. சாரும் வாறாராம். உள்ளதை உள்ளபடி எழுதுனா, அந்த மேல்கொண்டு பணம்தான் நிக்கும், மத்தது வரும், பள்ளிக்கூடத்துல இடமும் கிடைக்கும், நீங்களும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போலாம்னு ஹெப்சி மேடம் சொல்லுதாவ. இருக்கும். நம்பத்தான் பயமா இருக்கு. ரெண்டும் போயிட்டா நான் என்ன செய்ய?

நேத்தைக்கு மேடம் வந்து ஒண்ணு சொல்லிட்டுப் போனாவ. "பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்காமக் கூட்டிட்டு வாங்க முப்பிடாதி." வேற ஒருத்தி சொல்லியிருந்தா நாக்கப் பிடுங்கியிருப்பேன். அவியள ஒண்ணும் சொல்ல முடியல.

ஒண்ணும் சொல்லிக்குடுக்கல அக்கா. காலையில தலைசீவி விடும்போது பாத்தா, பவுடர் போடும்போது பாத்தா, பஸ்ஸுல ஏறும்போது பாத்தா. அதே கேள்வி. இன்னைக்கு எந்தப் பிள்ளைன்னு. நீ நீயா இருட்டின்னு சொல்லலாம். அது எதுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? அதைத்தான் யாரும் கேக்கலையே அவகிட்ட. நானும் கேக்கல.

எட்டையபுரம் தாண்டிட்டா? இன்னும் பழத்தைத் தொடல பாருங்க. காலையில ஒரு இட்லிதான் தின்னா, பசிக்கும். அக்கா, ஒரு ஒத்தாசை. அந்த அட்டையைக் கொஞ்சம் சேலைக்குள்ள போட்டுக்கிடுறியளா? ஆமா, கயிறும் தெரியாம. நல்லாருப்பிய.

ஏட்டி பிரியா, இந்த அக்கா ஆபீஸ் இல்ல. சும்மா பஸ்ஸுல வாறாவ. தின்னுட்டி. உன் இஷ்டத்துக்குத் தின்னு.

கையி வருது பாருங்க. பழத்தைப் பிடிச்சிட்டா. காம்பைப் பல்லால கடிச்சு... ஆத்தாடி, உரிக்காளே! தொலியை உரிக்கா அக்கா, ஒத்தக் கையில. இது எப்பம் படிச்சா? டீச்சரா சொல்லிக்குடுத்தாவ? நான் இது நாள் வரைக்கும் உரிச்சு உரிச்சுல்ல ஊட்டுதேன்...

ஏன், நிறுத்திட்டா. ஏன்ட்டி? உங்க அட்டை வெளிய தெரியுதா? இல்லையே.

இல்ல அக்கா. அட்டை இல்ல. என் மூஞ்சியத்தான் பாக்கா.

நான் இந்தப் பக்கம் ஜன்னலைப் பாத்துத் திரும்பிக்கிடுதேன். அவ தின்னு முடிச்ச பொறவு ஒரு வார்த்தை சொல்லுங்க.